உமாபதியின் பங்குத் தண்ணீர்

ஷார்ஜா,
14-10-1977, வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ரூபவதிக்கு, உன் அப்பா வாயால் சொல்ல, ரோலாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து லுக்மான் தம்பி கையால் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன், சாப்பாடு இறங்குகிறது, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பொன்மணியும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விடியற்காலையில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஜெபிக்கிறேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய், மழைக்காலம் போகட்டும் என்று தள்ளிப்போடாதே, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு, அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், நான் சொன்னேன் என்று சொல். பொன்மணி விழுந்த பல்லைத் தாத்தாவுக்குக் காட்ட டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் என்று படித்தபோது லுக்மானே சிரித்துவிட்டான். அவனுடைய மச்சான் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார், அவர் கையில் ஒரு கம்பளியும் இரண்டு தைலப் புட்டியும் கொடுத்திருக்கிறேன், கம்பளி அம்மாவுக்கு.

நீ அனுப்பின சபைப் பத்திரிகை ஆவணி மாதமே கைக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்கு வேலை காரணம் இல்லை. போன வருஷம் நான் எழுதின கடிதத்தை, சபையில் உபதேசியாராக இருக்கும் மாப்பிள்ளை பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னதும், பிறகு அது பத்திரிகையில் ஏறினதும் எல்லாம் லுக்மான் படித்துக்காட்டினான். வளைகுடாவில் ஒருவன் தண்ணீரைத் திருடிவிட்டான் என்று எல்லாரும் அவனுக்குத் தண்ணீர் மறுத்தபோது, நம் சபையின் மூப்பர் ஒருவர் தன் பங்கை அந்தத் திருடனுக்குக் கொடுத்தார், அவரிடத்தில் கிறிஸ்துவின் சாயலைக் காண்கிறோம் என்று போட்டிருந்தது. டிசம்பரில் நான் லீவில் வரும்போது, ஊரே பந்தியில் உட்காருகிற அசனப் பண்டிகையில் முதல் அகப்பைச் சோறு நான் போடவேண்டும், ஆலயத்தில் நின்று அந்தச் சாட்சியை என் வாயால் சொல்லவேண்டும் என்று கமிட்டியில் முடிவானதாக நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய். மகளே, அந்தத் தண்ணீரை யாரும் திருடவில்லை. அதைத் திறந்துவிட்டு வீணாக்கினவன் நான். இந்த வரியைச் சொன்னதும் லுக்மான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அண்ணாச்சி, மக பாவம், இதைக் கொஞ்சம் பதமா எழுதுறேனே என்றான். பதமாகச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கேன், சொல்லுததை அப்படியே எழுதுடே என்றேன்.

எனக்கு எழுத்து தெரியாதே தவிர, காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் என்னை விட்டுப் போகாது என்று உனக்குத் தெரியும். போன வருஷம் ஜூன் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. எங்கள் கேம்ப் ரோலாவில் இருந்து மணற்காட்டுக்குள் ஏழெட்டு மைல். என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேருக்கு நான் சமையல். இரண்டு நாளைக்கு ஒருமுறை டேங்கர் வந்து ஒரு இரும்புத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும், குடிக்கவும் பொங்கவும் அது ஒன்றுதான், அதனால் தொட்டிக் குழாய்க்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில் இருக்கும். அன்றைக்குத் தொட்டியில் கிடந்தது ஒரு நாள் தண்ணீர், டேங்கர் மறுநாள்தான் வரும். விடிவதற்கு முன்னால் பூட்டைத் திறந்தேன். கம்பி கட்டுகிற உமாபதி, பரமக்குடிப் பக்கத்துக்காரன், வந்து மூன்று மாதம் ஆன புது ஆள், வழக்கம்போல ஒரு மக்கு தண்ணீர் வாங்கிக்கொண்டு போனான். அவன் அந்த ஒரு மக்கில் உடம்பைத் துடைத்துத் திருநீறு பூசாமல் வேலைக்கு இறங்கமாட்டான். அவன் போனபிறகு உலைப்பானையைக் குழாய்க்கடியில் வைத்துத் திறந்துவிட்டு, நிறையட்டும் என்று உள்ளே போய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அன்றைக்கு ஜெபம் நீண்டுபோயிற்று, கண்ணீர்கூட வந்தது, நல்ல ஜெபம் என்ற நினைப்போடு எழுந்து வெளியே வந்தால் பானை வழிந்து, தொட்டியும் காலியாகி, குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்தேன் தெரியுமா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காய்ந்த மணலைக் காலால் தள்ளி அந்த ஈரத்தை மூடினேன். ஜெபித்து எழுந்த அதே முழங்காலோடு.

எல்லாரும் எழுந்து வந்ததும் ஒரே கூச்சல். மெஸ்ஸுக்குப் பொறுப்பாக இருந்த கார்மேகம், அண்ணாச்சி, சாவி உங்ககிட்டதானே இருக்கு, யாரு வந்தா சொல்லுங்க என்றான். நான் யாரும் திறந்ததைப் பார்க்கவில்லை என்றேன். விடியக்காலம் யாரு வந்தா என்று திரும்பவும் கேட்டான். உமாபதி ஒரு மக்கு வாங்கிக்கொண்டு போனான் என்றேன். இரண்டும் உண்மைதான் மகளே, அந்த இரண்டு உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பொய்யைக் கட்டினேன். உடனே எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தன், என்னப்பா, சாமிக்கு அபிஷேகமே பண்ணிட்டியா என்றான். இன்னொருத்தன், இருவத்தோரு பேரு நாக்கு வறண்டா என்ன, இவனுக்கு நெத்தி வெளுக்கணும் என்றான். அவன் என்னைப் பார்த்தான். பெரியவரே, ஒரு மக்குதானே வாங்கினேன், நீங்கதானே ஊத்துனீங்க, சொல்லுங்க என்றான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை, உலைப்பானைத் தண்ணீரை ஆளுக்கு ஒரு தம்ளராக நான்தான் அளந்து ஊற்றினேன், ரொட்டியை வாங்கிக்கொண்டு எல்லாரும் வண்டி ஏறினார்கள். உமாபதி தம்ளரை நீட்டினபோது கார்மேகம், அவன் பங்கை அவன் காலையிலேயே எடுத்துக்கிட்டான், கலாஸ், முடிஞ்சுது, அடுத்த ஆளு என்றான். நான் அடுத்த தம்ளருக்கு ஊற்றினேன்.

பதினோரு மணிக்கு அவனை சைட்டில் இருந்து பிக்கப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டான், உதடு வெடித்து, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என் பங்குத் தம்ளரை நான் அதுவரைக்கும் தொடவில்லை, அதைத்தான் அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், துணியை நனைத்து நெற்றியில் போட்டேன், அவன் கண் திறக்கிறவரைக்கும் அட்டையால் விசிறினேன். உனக்கு எழுதினது இவ்வளவும் பொய்யில்லை. கொண்டுவந்த ஆட்கள், திருடுனவனுக்கும் தன் தண்ணியைக் குடுக்கிறாரே, அண்ணாச்சி மனுசனே இல்ல என்று சொன்னதும் பொய்யில்லை. உனக்கு எழுதாததைச் சொல்கிறேன். அவன் கண் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எடுக்கலைங்க, நீங்களாவது நம்புங்க என்றான். நான் அவன் தலையைத் தடவி, போகட்டும் விடு, ஆண்டவர் உன்னை மன்னிப்பார் என்றேன். என் குற்றத்துக்காக நான் அவனை மன்னித்தேன். அவன் அழுதான். அந்த அழுகையை மனந்திரும்புதல் என்று சுற்றி நின்றவர்கள் நினைக்கும்படி நான் விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே லுக்மானிடம் வந்து உனக்குக் கடிதம் சொன்னேன், சொல்லும்போது என் மனசு குளிர்ந்திருந்தது, அதுதான் எனக்கு இன்றைக்கு நினைக்கப் பயமாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் அவன் தானே கேட்டு துபாயில் கராமா பக்கம் நடக்கிற சைட்டுக்கு மாறிப்போய்விட்டான். இங்கே அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, தண்ணிக்கள்ளன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பத்திரிகையில் கிறிஸ்துவின் சாயல் என்ற வார்த்தை வந்ததும் லுக்மானை நிறுத்தச் சொன்னேன். சின்ன வயதில் இருந்து அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், வருஷத்துக்கு வருஷம் நாம் அவர் சாயலுக்கு மாறவேண்டும் என்று சபையின் பாதிரி ஐயர்மார் சொல்லச் சொல்ல, மாறிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஒரு நினைப்பு. குடியை விட்டேன், கெட்ட வார்த்தையை விட்டேன், ஓய்வுநாளை விடவில்லை, இவ்வளவும் கூட்டிப்பார்த்தால் ஏதோ கொஞ்சம் அவர் மாதிரி ஆகியிருப்பேன் என்று எண்ணினேன். அன்றைக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு, எல்லாரும் பரிகாசம் பண்ண, தாகத்தோடு வெயிலுக்குப் போனது யார்? ஆண்டவர் பேரைக்கூட அறியாத உமாபதி. நான் அங்கே எந்த இடத்தில் நின்றேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நீ வேதபாடம் நடத்துகிறவள். சிலுவைக்குப் போன அன்றைக்கு ஆண்டவரும் வாய் திறக்கவில்லை, இங்கே நானும் வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தது பிறர் தப்புவதற்கு, நான் பேசாமல் இருந்தது நான் தப்புவதற்கு. மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், இந்தப் பாழாய்ப்போன ஞாபகம் அவன் தம்ளரை நீட்டினபோது அதன் விளிம்பில் இருந்த நெளிவைக்கூட விடாமல் வைத்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரோலாவில் டாக்ஸி பிடித்து உமாபதியைத் தேடித் துபாய்க்குப் போனேன். அவன் கேம்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, வாங்க பெரியவரே, இத்தனை தூரமா, டீ சொல்லட்டுமா என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவன், மணலைப் போட்டு மூடினீங்களா என்று அதை மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். அப்புறம் அவனுக்கு வந்த கோபத்தை நான் எழுதச் சொல்லப்போவதில்லை, லுக்மானுக்கு எழுதக் கை வராது. அங்கேருந்து கிளம்புறப்போ உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டேனேய்யா, ஊருக்கு எழுதுற லெட்டர்லகூட உங்களை விசாரிச்சு எழுதினேனேய்யா என்று சொல்லிச் சொல்லித் திட்டினான். நான் காலில் விழப்போனேன், அவன் விலகிக்கொண்டு, அதெல்லாம் வேணாம், விழுந்துட்டு நிம்மதியா டாக்ஸி ஏறலாம்னு பாக்காதீங்க என்றான். கார்மேகமும் அவனும் பக்கத்துப் பக்கத்து ஊர், கார்மேகம் சித்திரையில் லீவில் போனபோது இந்தக் கதையை அங்கே சொல்லிவிட்டானாம், உமாபதியின் பெண்சாதி பத்மா, நிஜமா என்று கேட்டு எழுதினாளாம், இல்லை என்று இவன் எழுதினான், அதற்குப் பிறகு அவள் கடிதம் குறைந்துபோயிற்றாம். மன்னிக்கிறதை அப்புறம் பாப்போம், மொதல்ல அந்த இருவது பேரு முன்னால சொல்லுங்க, அப்புறம் பத்மாகிட்ட சொல்லுங்க என்றான். பத்மாவுக்கு இன்றைக்கே கடிதம் எழுதிப் பெருவிரல் வைத்து அனுப்புகிறேன் என்றேன். லெட்டரா, அதை நானே ஆள் வச்சு எழுதுனேன்னு சொல்லுவாங்க, நேர்ல போய் நில்லுங்க என்றான். டீ வரவில்லை, நானும் வந்துவிட்டேன்.

கேம்புக்கு வந்தும் ஐந்து வெள்ளிக்கிழமை சும்மா போக்கினேன். நோன்பு மாதம் முடியட்டும், பெருநாள் போகட்டும் என்று ஒவ்வொரு சாக்கு. போன வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். யாரும் தட்டில் இருந்து கையை எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. கார்மேகம்தான் முதலில் பேசினான். அப்போ அன்னிக்கு அவனுக்கு ஊத்துனீங்களே ஒரு தம்ளரு, அது யாரு தண்ணி அண்ணாச்சி என்றான். ஒருத்தன் சிரித்தான். உமாபதி தண்ணி என்றேன். சாவியைக் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது ஒரு மலையாளத்துக்காரர் சமைக்கிறார், நான் பாத்திரம் கழுவி வெங்காயம் உரிக்கிறேன், சம்பளத்தில் கைவைக்கவில்லை, அதைப்பற்றி நீ கவலைப்படாதே. என்னோடு முன்போல யாரும் பேசுவதில்லை, கார்மேகம் மட்டும் முந்தாநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நானும் அவனுக்குத் தண்ணி குடுக்கலையே அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். மனசு லேசாகிவிட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். இன்னும் ஆகவில்லை. ஆனால் ஜெபிக்க முழங்கால் போட்டால் இப்போது ஆண்டவரிடம் சொல்ல என்னைப்பற்றி நல்லதாக ஒன்றும் இல்லை, அதனால் ஜெபம் சின்னதாக, உண்மையாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் கொடு. போன கடிதத்தை எங்கே வாசித்தாரோ அங்கேயே இதையும் வாசிக்கவேண்டும், அந்தப் பத்திரிகையிலும் போடவேண்டும். மூப்பர் மருமகன் என்று அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது, அது குறையும், அதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல். உனக்கும் பள்ளிக்கூடத்தில் நாலு பேர் முகம் பார்த்துப் பேசச் சங்கடமாக இருக்கும், அழாதே, அழுதாலும் வாசிப்பதை நிறுத்தாதே. சபை ஒழுங்குப்படி என்னைத் திருவிருந்தில் இருந்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ விலக்கினால், வயசானவர் என்று மாப்பிள்ளை போய்ப் பரிந்து பேசக்கூடாது. மூப்பர் பட்டியலில் இருந்து என் பேரை எடுக்கட்டும். இன்னொன்று, இது முக்கியம். இதை வாசித்து முடித்ததும் யாராவது எழுந்து, எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று சொல்வார்கள், நம் ஆட்களை எனக்குத் தெரியும். லுக்மானே சற்று முன்னால், உங்களுக்குப் பெரிய மனசு அண்ணாச்சி என்றான், கேட்டதும் எனக்குள்ளே பழையபடி குளிர்ந்தது, பயந்துபோனேன். ஆகையால் இதைச் சாட்சி என்று சொல்லி வாசிக்கவேண்டாம். திருத்தம் என்று சொல்லி வாசிக்கட்டும். அசனத்தில் முதல் அகப்பையை வேறு யாராவது போடட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைந்துபோயிற்று, இருந்தாலும் பெற்றவன் சொல்லாமல் இருக்கமுடியாது. பொன்மணி ஏதாவது உடைத்துவிட்டு வந்து நான்தான் என்று சொன்னால் அன்றைக்கு அவளை அடிக்காதே. ஒத்துக்கொண்டால் உயிர் போய்விடாது என்று அவளுக்கு ஆறு வயதில் தெரியட்டும், எனக்கு அறுபதில்தான் தெரிகிறது. நீயும் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கும்போது நாம் செய்த நல்லதைச் சொல்லிச் சொல்லி அவர் சாயலுக்கு மாறிவிடலாம் என்று கற்றுக்கொடுக்காதே, நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பம்பாய்க்கு டிக்கெட் போட்டிருக்கிறது, அங்கிருந்து மெட்ராஸ். எப்போதும்போல நேரே திருநெல்வேலி வண்டி ஏறமாட்டேன், ராமேஸ்வரம் வண்டியில் ஏறிப் பரமக்குடியில் இறங்குகிறேன். அசனத்துக்கு வந்துசேர முடியாமல் போனாலும் போகும், யாரும் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்கவேண்டாம். உமாபதியிடம் வழி கேட்டு அனுப்பினேன், லுக்மானின் கடைக்குப் பொருள் கொண்டுவருகிற டிரைவர் மூலம் நேற்றுப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறான். பரமக்குடியில் இருந்து போய் அவன் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நடந்தால் பிள்ளையார் கோவில், அதைத் தாண்டி மூன்றாவது வீடு, வாசலுக்கு நேரே தெருக்குழாய். சாயங்காலம் போகவேண்டாம், காலையில் ஆறரை ஏழு மணிக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், பத்மாவும் நிற்பாள், அந்த நேரத்துக்குப் போகச் சொல்லுங்கள் என்று சொன்னானாம். அந்த நேரத்துக்கே போகிறேன்.

உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் கர்த்தர் தம்முடைய முகப்பிரகாசத்தில் நடத்துவாராக, உன் அம்மாவின் கண்ணைத் தெளிவாக்குவாராக. அவளுக்கு இந்தக் கடிதத்தை ஆலயத்தில் வாசிப்பதற்கு முன்னால் வீட்டில் வைத்து நீயே வாசித்துச் சொல், ஊரார் வாயால் முதலில் கேட்கவேண்டாம். கண் ஆஸ்பத்திரியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வேதமாணிக்கம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொன்னபடி ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினது: லுக்மான், ரோலா.